எல்லாரும் ஸ்கிப் அடிக்கிறார்கள் என்றால் கதை எழுதுபவருக்கு என்ன வேலை?

"நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, பலர் ஆன்லைனில் கூடி ஆடும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். கதை எழுதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாமா என்று எங்களுக்குள் சண்டை. ஆடுகிறவர்கள் கட்சீன் (ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடும் கதைக்காட்சி) வந்தாலே ஸ்கிப் அடிக்கிறார்கள். பிறகு கதை எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கிப் அடிப்பது உண்மைதான். நானே அடிப்பவன். பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி கேம்களில் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் பாதி நேரம் ஒரு கில்டை, அதாவது சேர்ந்தே ஆடும் ஒரு குழுவை, கட்டி மேய்ப்பதிலேயே போனது. குவெஸ்ட் (கேம் கொடுக்கும் பணி) வசனங்களில் எத்தனையைப் படித்திருப்பேன் என்று கணக்குப் பார்த்தால் பத்தில் ஒன்று தேறாது. ஆனால் அந்த கில்டு ஆட்கள் நேரில் சந்தித்தால், டீ ஆறிப்போகும்வரை கேம் கதைதான் பேசுவோம். "அன்னைக்கு பாஸுக்கு ரெண்டு பர்சென்ட் உயிர் இருக்கறப்ப ஹீலர் வீட்ல கரண்ட் போச்சே" என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும், இன்னொருவன் பிடித்துக்கொள்வான். (பாஸ் என்றால் கூட்டமாக அடித்து வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி, ஹீலர் என்றால் கூட்டாளிகளின் உயிரை நிரப்புபவர்.) அந்த பாஸ் யார், ஏன் அந்தக் குகையில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டால் இருவரும் விழிப்பார்கள்.

ஆக, கதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எழுதித் தரும் கதையைவிடத் தங்களுக்கு நடந்த கதைதான் அவர்களுக்குப் பெரிது. அது நடப்பதற்கு வழி செய்ய ஓர் எழுத்தாளரால் முடியுமா என்பதுதான் நீங்கள் சண்டை போட வேண்டிய விஷயம்.

முதலில் உங்கள் கேம் எந்த வகை என்று பாருங்கள். பப்ஜி போல ஆட்டம் ஆட்டமாக முடிந்துவிடும் வகை என்றால் கதைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 2020 செப்டம்பரில் இங்கே தடை வரும்வரை நம் ஹாஸ்டல்களில் ராத்திரி அதிகம் கேட்ட ஊர்ப்பெயர் போச்சின்கியாகத்தான் இருக்கும். எராங்கல் என்ற தீவு மேப்பின் நடுவில் இருக்கும் அந்த ஊரில் நேராக இறங்குவதா, ஓரமாக எங்காவது இறங்கி லூட் (ஆயுதம் முதலான பொருட்கள்) சேர்ப்பதா என்பதிலேயே நட்பு முறிந்திருக்கிறது. அந்தத் தீவு ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. அது தெரிந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. (எராங்கல் என்ற பெயர், கேமை வடிவமைத்த பிரெண்டன் கிரீனின் மகள் எரின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பின்கதையைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.) ஆனால் போச்சின்கியில் தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். 100 பேர் வெறுங்கையோடு ஒரே விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். உயிர் தப்பி இருக்கக்கூடிய வட்டம் சுருங்கச் சுருங்க ஒளிந்திருப்பவனும் வெளியே வந்தே ஆக வேண்டும். தொடக்கமும் உச்சமும் முடிவும் அரை மணி நேரத்துக்குள் தானாக வந்துவிடுகின்றன. திரைக்கதைக்காரர் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையை ஒரு வட்டமே செய்து முடித்துவிடுகிறது.

அணைத்துவிட்டுப் போனாலும் உலகம் தொடர்ந்து இருக்கும் வகை கேம்களில்தான் சிக்கல். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் உங்களை அழைத்து, "நீ ஒருவன்தான் கதி, போய் அந்தக் கொடியவனைத் தீர்த்துக்கட்டு" என்பார். போய்ப் பார்த்தால் ஏற்கெனவே எட்டுப் பேர் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்பார்கள். கொன்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவன் அதே இடத்தில் மறுபடி நிற்பான். 2008-இல் வந்த விரிவாக்கத்தில் ஃபேசிங் என்ற உத்தியைப் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். நீங்கள் குவெஸ்டை முடித்தால் உங்கள் கண்ணுக்கு மட்டும் அந்த ஊர் மாறிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நின்ற நண்பன் திடீரென்று காணாமல் போவான், ஏனென்றால் அவன் கதையில் ஒரு கட்டம் பின்னால் இருக்கிறான். சேர்ந்து ஆட வந்தவர்களைக் கதையே பிரித்து வைத்தது.

இந்தச் சிக்கலுக்கு இதைவிடப் பழைய கேம்களில் நல்ல விடைகள் இருக்கின்றன. திட்டமிட்டுக் கிடைத்தவையும் அல்ல.

எவர்குவெஸ்ட் 1999-இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த விரிவாக்கம் ஒன்றில் கெராஃபிர்ம் என்றொரு டிராகனைச் சிறை வைத்திருந்தார்கள். அவனுக்கு 'தூங்குபவன்' என்று பெயர். நான்கு காவல் டிராகன்கள் உயிரோடு இருக்கும்வரை அவன் தூங்குவான். நான்கையும் கொன்றால் எழுந்து, கண்ணில் பட்டவரையெல்லாம் கொன்றுவிட்டுப் போய்விடுவான். ஒரு சர்வருக்கு, அதாவது அந்த உலகத்தின் ஒரு நகலுக்கு, ஒரே ஒரு முறைதான் இது நடக்கும். அதன் பிறகு அந்தக் காவலர்களிடம் கிடைத்துவந்த அரிய ஆயுதங்களும் யாருக்கும் கிடைக்காது. இதில் வசனம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் யோசியுங்கள்: ஒரு கில்டு அவனை எழுப்பினால் சர்வரில் மற்ற எல்லாருக்கும் வாசல் மூடிவிடும். எனவே எழுப்பக்கூடாது என்று கில்டுகள் பேசி வைத்துக்கொண்டன, ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டன, பேச்சை மீறி எழுப்பியவர்களைச் சபித்தன. ஒரே ஒரு விதியிலிருந்து ஒரு ஊர் அரசியலே முளைத்துவிட்டது.

அவனைக் கொல்ல முடியாது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். கேமைச் செய்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2003 நவம்பரில் ராலோஸ் ஸெக் என்ற சர்வரில், வழக்கமாக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் கில்டுகள் மூன்று ஒன்றுசேர்ந்தன. ஏறக்குறைய 200 பேர். செத்தவர்களைக் குருமார்கள் எழுப்பிவிட எழுப்பிவிட, மணிக்கணக்கில் அடித்தார்கள். உயிர் கால்வாசியாகக் குறைந்தபோது டிராகன் சட்டென்று மறைந்துவிட்டது. நிறுவனத்தின் ஆட்கள், ஏதோ கோளாறு என்று நினைத்து, உள்ளே புகுந்து நீக்கிவிட்டார்கள். எழுந்த கூச்சலில் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே கூட்டம் வந்து கொன்றே போட்டது. பிணத்தில் லூட் எதுவும் இல்லை, யாரும் சாகடிப்பார்கள் என்று எதிர்பார்க்காததால் எதையும் வைக்கவில்லை. இருபது வருடம் தாண்டியும் பேசப்படுவது அந்த வெறும் பிணம்தான். லூட் விழுந்திருந்தால் அதைப் பங்கு போட்ட சண்டைதான் நினைவில் நின்றிருக்கும் என்பது என் ஊகம், கில்டு நடத்தியவன் என்ற முறையில்.

இதே காலத்தில் ஆஷெரன்ஸ் கால் என்ற கேம் மாதம் ஒரு முறை கதையை நகர்த்தும் பழக்கம் வைத்திருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000-இல் கதை இப்படிப் போனது: பேல்சாரோன் என்ற தீய சக்தி படிகங்களால் கட்டுண்டு கிடக்கிறது, ஆட்டக்காரர்கள் படிகங்களை ஒவ்வொன்றாக உடைப்பார்கள், கடைசிப் படிகம் உடைந்ததும் அது விடுதலையாகும். எழுதி வைத்த கதை அது. மற்ற எல்லா சர்வரிலும் உடைத்தார்கள். திசில்டவுன் என்ற சர்வரில் மட்டும் சிலர், "இதை உடைத்தால் உலகத்துக்குக் கேடு என்று கதையிலேயே இருக்கிறதே, நாங்கள் ஏன் உடைக்க வேண்டும்?" என்று கடைசிப் படிகத்தைச் சுற்றிக் காவல் நின்றார்கள். முறை வைத்து, ராப்பகலாக. மற்ற சர்வர்களில் கதை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், இங்கே மட்டும் நின்றுபோயிருந்தது. கடைசியில் கேமைச் செய்தவர்களே பலம் கூட்டிய பாத்திரங்களாக உள்ளே வந்து காவலர்களை வீழ்த்திப் படிகத்தை உடைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் அது வெறும் அடாவடி. அவர்கள் பிறகு அந்த சர்வரில் மட்டும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பி, காத்தவர்களின் பெயர்களைப் பொறித்தார்கள்.

கதையை எழுதியவர்கள் தோற்கவில்லை, பாருங்கள். ஆட்டக்காரர்கள் எழுதியதை உண்மையாகவே நம்பியதால்தான் எழுதியவருக்கு எதிராக நின்றார்கள். ஓர் எழுத்தாளருக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்? அந்தக் கல்வெட்டில் ஒரு வரி எழுதியது, நூறு குவெஸ்டுக்கு வசனம் எழுதுவதைவிடப் பெரிய வேலை என்பேன்.

இந்த எண்ணத்தைக் கடைசிவரை கொண்டுபோனது ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் இருக்கும் சி.சி.பி. நிறுவனம் 2003-இல் வெளியிட்டது. விண்வெளி, கப்பல்கள், வியாபாரம். அவர்களும் பேரரசுகள், மதங்கள் என்று பக்கம் பக்கமாகப் பின்கதை எழுதியிருக்கிறார்கள். அதை விரும்பிப் படிக்கும் கூட்டமும் உண்டு. ஆனால் ஈவ் என்றதும் உலகம் நினைப்பது ஆட்டக்காரர்களின் போர்களையும் துரோகங்களையும்தான். 2005-இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை, எதிராளியின் அமைப்புக்குள் பல மாதங்களாக ஆட்களை ஊடுருவவிட்டு, நம்பிக்கையான பதவிகளில் அமர்த்தி, ஒரே நாளில் கிடங்குகளைக் காலிசெய்து தலைவியையும் வீழ்த்தியது. சி.சி.பி. தலையிடவில்லை. கேமுக்குள் ஏமாற்றுவது விதிமீறல் இல்லை என்பது அவர்கள் நிலைப்பாடு.

2014 ஜனவரி 27 அன்று நடந்தது இன்னும் வேடிக்கை. பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தை ஒரு கூட்டணி தன் படைத்தளமாக வைத்திருந்தது. மண்டலத்தை வைத்திருக்க அவ்வப்போது ஒரு கட்டணம் கட்ட வேண்டும், நம்மூர் கரண்ட் பில் போல. அது கட்டப்படவில்லை. உரிமை போனது, எதிரிகள் பாய்ந்தார்கள். 21 மணி நேரப் போர், 7,500-க்கும் மேற்பட்டவர்கள், கேமிலேயே பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 நாசம். ஒரு டைட்டனைக் கட்ட ஒரு கூட்டமே மாதக்கணக்கில் தாது வெட்டி உழைக்க வேண்டும். இழப்பை டாலரில் மாற்றிப் பார்த்தால் 3 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். சர்வர் தாங்காமல் கேமின் நேரமே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைக்கப்பட்டது. ஒரு குண்டு போட்டுவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். பில் கட்ட மறந்ததால் மூண்ட போர் என்று ஓர் எழுத்தாளர் எழுதிக்கொண்டு வந்தால், "நம்புகிற மாதிரி எழுதுங்க சார்" என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

இது ஏன் ஈவில் நடக்கிறது, மற்றதில் நடப்பதில்லை? ஏறக்குறைய எல்லாரும் ஒரே உலகத்தில் ஆடுகிறார்கள். அதனால் ஒருவனுக்குக் கெட்ட பெயர் வந்தால் ஓடி ஒளிய வேறு சர்வர் இல்லை. இரண்டாவது, வெடித்த கப்பல் திரும்ப வராது. இழப்பு மெய்யாக இருப்பதால் பயமும் மெய்யாக இருக்கிறது. இந்த இரண்டு முடிவுகளும் கதைப்பிரிவில் எடுக்கப்பட்டவை அல்ல என்றாலும், அந்தக் கேமின் கதையாசிரியர்கள் என்று நான் சொல்வது அவற்றை எடுத்தவர்களைத்தான்.

சி.சி.பி. போருக்குப் பிறகு செய்ததையும் கவனியுங்கள். டைட்டன்களின் உடைந்த கூடுகளை அந்த மண்டலத்திலேயே நிரந்தரமாக மிதக்கவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவன் அங்கே போய்ப் பார்த்து "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்கலாம். அதே 2014-இல் ரெய்க்யாவிக் துறைமுகத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் பொறித்த நிஜமான நினைவுச்சின்னம் ஒன்றையும் வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் தாங்களே வைத்த நினைவும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையில் வேலை பார்த்த ஷான் ஸ்மித், கேமுக்குள் வைல் ராட் என்ற பெயரில் ஒரு பெரிய கூட்டணியின் தூதராக இருந்தவர். 2012 செப்டம்பரில் லிபியாவின் பெங்காசியில் கொல்லப்பட்டார். செய்தி வந்ததும், நேற்றுவரை அவரோடு மல்லுக்கட்டியவர்கள் உட்படப் பலர் தங்கள் விண்வெளி நிலையங்களுக்கு அவர் பெயரை வைத்தார்கள். நிலையத்துக்குப் பெயர் மாற்றும் வசதி கேமில் இருந்தது, அவ்வளவுதான். துக்கம் அதன் வழியாக வந்தது.

இதுவரை படித்துவிட்டு, "அப்படியென்றால் எழுத்தாளரே வேண்டாம், விதிகள் போதும்" என்று உங்களில் ஒருவர் துள்ளுவார். அவருக்காகத்தான் அடுத்தது.

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற கேம் 2010 செப்டம்பரில் வந்து படுதோல்வி அடைந்தது. டிசம்பரிலேயே பொறுப்பு நவோகி யோஷிடா என்பவரிடம் கைமாறியது. அவர் பழைய கேமை ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டினார். பழையதை மூடும் நாள் நெருங்கியபோது சும்மா ஓர் அறிவிப்புப் போட்டு மூடியிருக்கலாம். அவர்கள் வானத்தில் ஒரு சிவப்பு நிலாவை மாதாமாதம் பெரிதாக்கினார்கள். கடைசி நாட்களில் ஊர்களை அரக்கர்கள் சூழ்ந்தார்கள். 2012 நவம்பர் 11 அன்று சர்வர்கள் நின்றபோது நிலா விழுந்து உடைந்து, உள்ளிருந்து பகாமுத் என்ற டிராகன் வெளிவந்து உலகத்தை எரிக்கும் காட்சி ஓடியது. 2013 ஆகஸ்டில் புதிய கேம் திறந்தபோது கதையில் ஐந்து வருடம் ஓடியிருந்தது. அந்தப் பேரழிவில் போராடிய வீரர்கள் இருந்தார்கள் என்று மக்களுக்கு ஞாபகம் இருக்கிறது, முகம் மட்டும் யாருக்கும் நினைவில்லை. அந்த வீரர்கள் யார்? மோசமான பழைய கேமைக் கைவிடாமல் ஆடியவர்கள். அவர்களில் நீண்ட காலச் சந்தாதாரர்களின் பெயர்கள் புதிய கேமின் இறுதியில் வரும் பெயர் வரிசையில் ஓடின.

ஒரு நிறுவனத்தின் தோல்வி, தொழில்நுட்ப மாற்றம், வாடிக்கையாளரின் பொறுமை எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் மடக்கிவிட்டார்கள். இதற்கு முன்னோடி 1997-இன் அல்டிமா ஆன்லைன். ஒரே உலகத்துக்கு ஏன் பல சர்வர்கள் என்பதற்கு, ஒரு மந்திரக் கல் உடைந்து ஒவ்வொரு துண்டிலும் உலகத்தின் ஒரு நகல் தங்கிவிட்டது என்று கதை கட்டினார்கள். சர்வர் வசதிப் பற்றாக்குறைக்கு இவ்வளவு அழகான சாக்கை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் கதை நீளமானது, நேர்கோட்டில் போவது, வாசிக்க வேண்டியது. ஈவுக்கு நேர் எதிர். ஆனாலும் மக்கள் அதற்காகவே வருகிறார்கள். ஸ்கிப் பற்றிய உங்கள் கேள்விக்கு அதில் நேரடியாகவே ஒரு பாடம் இருக்கிறது. கதையின் முதல் பெரிய முடிவு, எட்டுப் பேர் சேர்ந்து போய் பாஸ்களை வீழ்த்தும் இரண்டு டன்ஜன்களில் (தனிக் களங்களில்) நடந்தது. பழையவர்கள் பரிசுக்காகத் தினமும் அதில் புதியவர்களோடு சேர்க்கப்படுவார்கள். பழையவர்கள் கட்சீனை ஸ்கிப் அடித்து ஓடுவார்கள். புதியவன் உட்கார்ந்து பார்த்து முடித்து வருவதற்குள் பாஸ் செத்திருக்கும். தன் கதையின் உச்சக்கட்டத்தில் அவன் வெறும் பிணத்தைத்தான் பார்ப்பான். 2018-இல் அந்த இரண்டு டன்ஜன்களிலும் ஸ்கிப் வசதியையே எடுத்துவிட்டார்கள். பழையவர்கள் புலம்பினார்கள், பிறகு அந்த நேரத்தில் காபி போடப் பழகிக்கொண்டார்கள். 2022-இல் அவற்றை நான்கு பேருக்காக மாற்றி அமைத்தார்கள். ஆக ஸ்கிப் என்பது பல நேரங்களில் சலிப்பால் வருவதில்லை. கூட இருப்பவன் காத்திருக்கிறானே என்ற கூச்சத்தால் வருகிறது. தனியாக ஆடும்போது ரசித்துப் படிப்பவனும் நான்கு பேர் காத்திருந்தால் பட்டனை அழுத்திவிடுவான். அதனால் படிக்க வேண்டியதைக் கூட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள்.

வசனமே இல்லாமலும் முடியும். 2012-இல் வந்த ஜர்னி என்ற கேமில் பாலைவனத்தில் நடக்கும்போது முகம் தெரியாத ஒருவர் எதிரே வருவார். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒரு சின்ன ஓசை மட்டும் எழுப்பலாம். சோதனைக் கட்டத்தில் ஒருவரையொருவர் தள்ள முடிந்தபோது, ஆடியவர்கள் பள்ளத்தில் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். செய்தவர்கள் மோதும் வசதியை எடுத்துவிட்டு, தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி நிரம்பும்படி வைத்தார்கள். அதே மனிதர்கள் ஒட்டிக்கொண்டே மலை ஏறத் தொடங்கினார்கள்.

நேரடியாக ஆள் உட்கார்ந்து கதையை நடத்துவதும் இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2024-இல் வந்த ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமில், எந்தக் கிரகத்தில் எதிரி பலம் கூட வேண்டும் என்று ஆட்டக்காரர்களின் போக்கைப் பார்த்து ஒரு நடத்துநர் முடிவு செய்கிறார். ஜோயல் என்ற பெயரைச் சொல்லி அவரை ஆட்டக்காரர்கள் செல்லமாகத் திட்டுவார்கள். கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு வசனத்தை நீட்டுவான், சுருக்குவான், அந்த மாதிரி வேலை. ஒரு முறை, புதிய கண்ணிவெடி ஆயுதம் வேண்டுமா, ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்ட குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்டார்கள். ஆட்டத்துக்கு உதவும் ஆயுதத்தை விட்டுவிட்டு, எங்கேயும் வரையப்படாத குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன். ஆள் வையுங்கள். ஆனால் முதல் நாளே கட்சீன் எழுதச் சொல்லாதீர்கள், நான்கு பேர் செய்யும் கேமுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. விதிகளைப் பேசும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எது திரும்பக் கிடைக்காது, எதைச் செய்தால் ஊருக்கே தெரியும், யார் யாரை நம்பியாக வேண்டும் என்பதில் அவர் கருத்தைக் கேளுங்கள். ஊர்களுக்குப் பெயர் வைக்கும் வேலையை முழுக்க அவரிடம் கொடுங்கள். மைக்கில் கத்தும்போது நாக்கில் சட்டென்று வரும் பெயராக, மூன்று நான்கு எழுத்துக்குள் இருக்கட்டும். ஆயுதம், கதவு, கல் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். படிப்பவன் படிப்பான், கூட வந்தவன் காத்திருக்க வேண்டியதில்லை.

புரோகிராமர் நண்பரிடம் இன்னொன்று சொல்லுங்கள். எந்த பாஸை யார் முதலில் கொன்றார்கள், எந்தப் பாலத்தை யார் உடைத்தார்கள், எந்தத் தேதியில் என்பதைச் சேமிக்க ஒரு டேபிள் முதல் வெர்ஷனிலேயே வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தொடக்க மாதங்களின் பெயர்கள் போய்விடும், அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. எழுத்தாளர் வாரம் ஒரு முறை அந்த டேபிளைத் திறந்து பார்த்து, ஊர் நடுவில் இருக்கும் கல்லில் நான்கு வரி மாற்றி எழுதட்டும்.